வாடிய கீரைக் கன்றை வீசி எறியலாமா?

நாற்றுப் பண்ணையிலிருந்து சிறு பாலிதீன் பையில் புதினாவோ பொன்னாங்கண்ணியோ வாங்கி வருகிறோம். சில நாள் ஆர்வமாக நீர் ஊற்றுகிறோம். பிறகு தேர்வு வந்துவிடுகிறது. கன்று மூலையில் கிடக்கிறது. ஒருநாள் பார்த்தால் இலைகள் மஞ்சளாகித் தலை தொங்கி நிற்கிறது. உடனே அதைக் குப்பையில் எறிகிறோம். அல்லது ஒரு செம்பு நீரும் ஒரு பிடி யூரியாவும் போடுகிறோம். இரண்டும் அறிவியல் முறை அல்ல என்பதே என் கருத்து.

மருத்துவர் முதலில் நோயாளியைச் சோதிக்கிறார். பிறகுதான் மருந்து தருகிறார். நீங்களும் மண்ணில் விரலை நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் கன்றுக்குத் தாகம். ஈரமாக இருந்தும் வாடினால், மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிரம்பியிருக்கலாம். ஆக்சிஜன் கிடைக்காத வேரால் நீரைச் சரியாக உறிஞ்ச இயலாது. அந்நிலையில் மேலும் நீர் ஊற்றுவது தீங்கே.

அடுத்து, மஞ்சள் நிறம் எங்கே தொடங்கியது? முதிர்ந்த கீழ் இலைகளில் என்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். செடி அச்சத்தை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிர்களுக்கு அனுப்புகிறது. தளிர்களில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்பு அவ்வாறு எளிதில் இடம் பெயராது.

இனி சிகிச்சை. பைக்குள் சுருண்ட வேர்களை மெல்லத் தளர்த்தி, அடியில் துளையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். மேல் தண்டுகளில் பாதியை வெட்டிவிடுங்கள். இலைகள் குறைந்தால் நீராவிப்போக்கும் குறையும். சில நாள் நிழலில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். புதுத் தளிர் வந்த பிறகே மட்கிய எரு இடுங்கள். செறிவான உரக்கரைசல், சவ்வூடு பரவலால் வேரிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடும்.

வேர் அழுகிவிட்டதா? நல்ல தண்டு ஒன்றை வெட்டி, கீழ்க்கணுக்கள் மூழ்குமாறு நீரில் வையுங்கள். புதினாவும் பொன்னாங்கண்ணியும் கணுக்களில் வேர்விடும் இயல்புடையவை. ஆனால் பூத்துவிட்ட முளைக்கீரையை மீண்டும் இளங்கீரையாக்க முடியாது. அதை விதைக்காக விட்டுவிடுங்கள்.

“சிறிது காசு கொடுத்தால் புதிய கன்று கிடைக்குமே, எதற்கு இந்தப் பாடு?” என்று சிலர் கேட்கலாம். பழைய கன்று வாடிய காரணம் தெரியாவிட்டால், புதிய கன்றும் அதே மூலையில் அதே காரணத்தால்தானே வாடும்? மேலும், நீராவிப்போக்கையும் சவ்வூடு பரவலையும் பாடநூலில் மனப்பாடம் செய்யும் நமக்கு, அவற்றைக் கண்ணால் காண இதைவிட எளிய வாய்ப்பு ஏது?

உங்கள் வீட்டு மூலையில் அப்படி ஒரு கன்று இருக்கிறதா? இன்று அதன் நிலையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாள்தோறும் தளிர்களை எண்ணி வாருங்கள். கன்று பிழைக்காமலும் போகலாம். ஆனால் அது ஏன் பிழைக்கவில்லை என்பதை உங்கள் குறிப்பேடு சொல்லும். அடுத்த கன்றுக்கு அது உதவும்.