ஓய்வு என்னும் பெயரால்



முதியோரைக் காத்தல் கடமை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் காத்தல் எங்கே முடிகிறது, ஒதுக்கி வைத்தல் எங்கே தொடங்குகிறது? இந்த வினாவைக் கொரோனாக் கொள்ளைநோய் நம் வீட்டு வாயிலில் நிறுத்திச் சென்றது. நோய் தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. வினாவோ இன்னும் வாயிலிலேயே நிற்கின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழகத்தில் ஊரடங்கு தொடங்கிற்று. மே மாதத்தில் சில தளர்வுகள் வந்தபோதும், 65 வயதைக் கடந்தோர் இன்றியமையாத தேவைக்கும் மருத்துவத்துக்கும் அன்றி வெளியே வரலாகாது என்றே மத்திய அரசின் நெறிமுறைகள் கூறின. அது தவறான அறிவுரையன்று. தடுப்பூசி இல்லாத அந்நாளில், நோய் முதியோரையே பெரிதும் பலிகொண்டது. 1838ஆம் ஆண்டு முதல் மருத்துவப் பணியைக் கண்டுவரும் நெய்யூர் மக்களுக்கு நோயின் கொடுமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சொன்னதைக் கேட்டார்கள், அடங்கியிருந்தார்கள்.

ஆயினும், "வீட்டிலிரு" என்னும் சொல் எல்லார்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை. ஓய்வூதியம் பெறும் ஆசிரியருக்கு அது சில மாத அடைப்பு, அவ்வளவே. திங்கட்சந்தையில் மரச்சீனியும் வாழைக்காயும் விற்று வந்த மூதாட்டிக்கு, கடற்கரையிலிருந்து மீன் சுமந்து வந்த பெண்ணுக்கு, நம்மூரார் 'அண்டியாபீஸ்' என்றழைக்கும் முந்திரி ஆலையில் பருப்புத் தோலுரித்த கைகளுக்கு, அது அன்றாட வருவாயின் முடிவு. இத்தகையோர் நம் நாட்டில் ஒரு சிலரல்லர். 2017-18இல் திரட்டப்பட்டு 2021 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட முதுமை பற்றிய பேராய்வு, 60 வயதைக் கடந்த இந்தியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உழைத்துக்கொண்டிருந்தனர் எனக் கூறுகிறது.

அரசு தந்த முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய். நாளொன்றுக்கு வகுத்துப் பார்த்தால் 33 ரூபாய். 2023இல் அது 1,200 ஆக உயர்த்தப்பட்டது. அப்போதும் நாளுக்கு 40 ரூபாய்தான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். குன்றே இல்லாதவர் எதைத் தின்பது?

பணம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலிருந்து தவறாது பணம் அனுப்பும் இல்லங்களிலும் நாம் ஒரு வாட்டத்தைக் கண்டோம். சந்தைக்குச் செல்வதை அவ்வாண்டில் நிறுத்திய மூதாட்டி ஒருவரிடம் நலம் உசாவியபோது அவர் சொன்ன மறுமொழி இது: "சோத்துக்கு ஒரு குறைவும் இல்ல சாமி. என்னத் தேடி வந்து, 'அம்மச்சி, இது என்ன விலை'ன்னு கேக்கத்தான் ஆளில்ல." உணவு மட்டுமே வாழ்வன்று என்பதை இதனினும் எளிதாக எவர் சொல்ல இயலும்? விலை கேட்பதற்கு ஆளிருந்தவரை அவர் ஊருக்கு வேண்டியவர். ஆளற்றுப் போன பின்னர், பிறர் பார்த்துக்கொள்ள வேண்டியவர்.

உடலும் இதற்குச் சான்று பகர்கின்றது. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், நோயற்ற முதியோர் சிலர் பத்து நாள் படுக்கையிலேயே இருத்தி வைக்கப்பட்டனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களின் தசை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பது படுக்கையில் கிடப்பதற்கு ஒப்பாகாது. எனினும் திசை ஒன்றே. நாள்தோறும் சந்தைக்கு நடந்த கால், முற்றத்தோடு நின்றுவிடுமானால், மீண்டும் நடப்பது எளிதன்று.

இக்காலத்தில் நாடறிந்த முதியோர் இருவரை இங்கே நினைவுகூர்வது தகும். கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் எண்பது வயதைக் கடந்த கமலாத்தாள், ஊரடங்கு நாளிலும் இட்லி ஒன்றை ஒரு ரூபாய்க்கே விற்றார். தேக்கம்பட்டியில் வேளாண்மை செய்துவந்த பாப்பம்மாளுக்கு 105ஆம் வயதில், 2021இல், பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2024இல் அவர் இயற்கை எய்தினார். இவ்விருவரிடத்தும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒருவரின் பணிமனை தம் வீட்டு அடுப்பங்கரை. மற்றவரின் பணிமனை தம் சொந்த வயல். அங்கே பூட்டுப் போட ஆளில்லை. பிறருடைய ஆலையிலும், பொதுச் சந்தையிலும் உழைத்த முதியோர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. மனவலிமையைப் போற்றுகிற நாம், இந்த வேறுபாட்டையும் காண வேண்டும்.

வயதெல்லை என்பது கல்லில் வெட்டிய எழுத்துமன்று. அதே 2020 மே மாதத்தில் தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. தேவை எனக் கண்டபோது எல்லையை நகர்த்த நம்மால் முடிந்திருக்கிறது. 2021 மார்ச் முதல் நாளிலிருந்து 60 வயதைக் கடந்தோர்க்குத் தடுப்பூசியும் கிடைத்தது. பின்னர் சந்தைகள் திறந்தன, ஆலைகள் இயங்கின. ஆனால் பல வீடுகளில், "இனி உங்களுக்கு எதற்கப்பா வேலை?" என்ற பாசச் சொல் மட்டும் தளர்த்தப்படவேயில்லை.

உழைப்பைப் போற்றுவதாகக் கூறி, இயலாதவரை உழைக்கச் சொல்கிறோம் என்று எவரும் கருதற்க. மூட்டு வலியோடு 70 வயதிலும் பிறர் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கு வேண்டியது ஊக்க உரையன்று, ஓய்வும் உதவியுமே. மனிதன் உழைப்புக்காக அன்று, உழைப்பே மனிதனுக்காக என்பது திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வற்புறுத்திய கருத்து. வேண்டாத உழைப்பைப் பசியின் பேரால் சுமத்துவதும், வேண்டிய உழைப்பை அன்பின் பேரால் பறிப்பதும் அக்கருத்துக்கு முரணே. இரண்டிலும் முதியவரை ஒருவரும் கேட்பதில்லை.

கேட்கும் வழி உண்டு. ஜப்பானில் 1970களில் டோக்கியோவில் தொடங்கிய முதியோர் பணி மையங்கள், 60 வயதைக் கடந்தோர்க்கு அவரவர் உடலுக்கேற்ற சிறு பணிகளைச் சில மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்கின்றன. நம் ஊரில் அத்துணை பெரிய ஏற்பாடு வேண்டுவதில்லை. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு வீடாகச் சென்று இரண்டு பட்டியல்கள் எழுதட்டும். உழைக்க விரும்பியும் வாய்ப்பற்ற முதியோர் ஒன்றில். உழைக்க இயலாமலும் வறுமையால் உழைப்போர் மற்றதில். முதற் பட்டியலில் உள்ளோர்க்குச் சந்தையில் நிழலும், அமர ஒரு மணையும், சுமையைக் கொண்டு சேர்க்க ஓர் இளைஞனும் கிடைத்தால் போதும். இரண்டாம் பட்டியலில் உள்ளோர்க்கு உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, தொகை கைக்கு வரும்வரை உடன் நிற்பது நம் கடமை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் உலக நாள், ஆண்டுதோறும் ஜூலை நான்காம் ஞாயிறன்று வருகின்றது. அன்று மாலையும் பொன்னாடையும் அணிவிப்பது நன்றே. அதற்கு முன்னதாக, இன்றிரவு உணவு வேளையில், உங்கள் இல்லத்து முதியவரிடம், "நாளைக்கு நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள்.