சி.ஆர்.பி. பரிசோதனை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கிருமித்தொற்று, காயம், தன்னெதிர்ப்பு நோய் போன்றவற்றுக்கு உடல் காட்டும் தற்காப்பு எதிர்வினையாகிய அழற்சி தோன்றும்போது, கல்லீரல் இரத்தத்தில் மிகுதியாகச் சேர்க்கும் புரதங்களுள் ஒன்று, சி.ஆர்.பி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் சி-ரியாக்டிவ் புரோட்டீன். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1930-இல் டில்லெட்டும் ஃபிரான்சிசும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்த இப்புரதத்தை அளப்பது, இன்று முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் கேளாமலே சேர்க்கப்படும் ஒன்றாகிவிட்டது. நோய்க்குறி ஏதுமற்றோருக்கு அவ்வாறு செய்வதை இந்த அறிக்கையை வெளியிடும் சங்கம் ஆதரிக்கவில்லை. மருத்துவர் விடை தேடும் கேள்வி ஒன்று இருக்கும்போது மட்டுமே இப்பரிசோதனை எழுதப்பட வேண்டும் என்பதே இச்சங்கத்தின் நிலைப்பாடு.

அழற்சி இருக்கிறது என்பதை சி.ஆர்.பி. சொல்லுமே தவிர, எங்கே, எதனால் என்பதைச் சொல்லாது. ஈறு நோய், உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவையும் அதைச் சற்றே உயர்த்தும். தூண்டுதல் ஏற்பட்டு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, 48 மணி நேர அளவில் உச்சத்தைத் தொட்டு, தூண்டுதல் நின்றபின் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது அதன் இயல்பு என்பதால், காய்ச்சல் கண்ட சில மணி நேரத்திலேயே எடுத்த இயல்பான அளவு தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் தீவிரமடையும்போதுகூட இந்த அளவு பெரிதும் உயராமல் இருப்பதுண்டு.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்றையும் முடக்குவாதத்தின் போக்கையும் கண்காணிக்க, இடைவெளி விட்டு எடுத்த இரண்டு அளவுகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அந்த ஒப்பீடு அலகில் தடுக்கி விழுகிறது: ஓர் ஆய்வகம் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று தருவதை மற்றொன்று டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்று தரும். இரண்டும் ஒன்றே என அறியாத நோயாளி, நோய் பத்தில் ஒரு பங்காகிவிட்டதென நம்பிவிடுவார். சிறிய ஆய்வகங்களின் லேடெக்ஸ் சோதனையோ, கண்ணாடித் தகட்டில் துகள்கள் திரள்வதைப் பார்த்து 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதுவதால், லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கும் 180-க்கும் வேறுபாடே தெரிவதில்லை.

அந்த ஒற்றைச் சொல்லை வைத்து ஆன்டிபயாடிக் எழுதுவது ஏற்கத்தக்கதன்று. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதல், லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் ஆன்டிபயாடிக்கை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும், 100-க்கு மேல் தரலாம் என்றும் வகுத்தபோதும், நோயாளியை நேரில் பரிசோதித்த பின்னும் ஐயம் தீராத நிலைக்கே சி.ஆர்.பி. பரிசோதனையைப் பரிந்துரைத்தது.

மாரடைப்பு அபாயத்தைக் கணிக்க, மிகக் குறைந்த அளவுகளையும் துல்லியமாக அளக்கும் எச்.எஸ்.சி.ஆர்.பி. என்ற முறை உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த அபாயம், 3-க்கு மேல் மிகுந்த அபாயம் என்பது கணக்கு. இதைப் பரவலாகச் செய்யலாம் என்று அமெரிக்க இதயவியல் கல்லூரி 2025-இல் பரிந்துரைத்திருப்பதை அறிந்தே இச்சங்கம் மாறுபடுகிறது. சி.ஆர்.பி. இதயநோயின் அடையாளமேயன்றிக் காரணம் அன்று என மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒழுங்காகப் பார்க்காத இடத்தில் இந்த எண் செலவையும் கவலையையும்தான் கூட்டும். மருந்தைத் தொடங்குவதா வேண்டாமா என மருத்துவர் தயங்கும் நடுத்தர அபாயத்தினருக்கு இது பயன்படலாம்.

இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் பழைய ஈ.எஸ்.ஆர். சோதனையை சி.ஆர்.பி.க்கு மாற்றாகக் கொள்வதும் பொருந்தாது. இரத்தசோகையே அதை உயர்த்திவிடும் நிலையில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு.

ஆகவே, ஆய்வகங்கள் சி.ஆர்.பி.யை எண்ணாகவும், லிட்டருக்கு மில்லிகிராம் என்ற ஒரே அலகிலும் தர வேண்டும். மருத்துவர்கள் பரிசோதனைச் சீட்டில் காரணத்தைக் குறிக்க வேண்டும். பொதுமக்கள் முந்தைய அறிக்கைகளைத் தவறாமல் உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்று இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.