பூட்டி வைத்த துப்பாக்கி

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு எந்திரத் துப்பாக்கி என்றால் 'மித்ரையேஸ்'. 1870-ல் பிரெஞ்சுப் படை கொண்டுபோன மித்ரையேஸ் வேறு மாதிரி: பீரங்கி வண்டியில் ஏற்றிய 25 குழல்கள். 25 தோட்டா செருகிய தகட்டைப் பின்னால் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொன்றாக வெடிக்கும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ரெஃபி என்ற அதிகாரி மெதோனில் பரம ரகசியமாகச் செய்தது.

பிரஷ்யாவோடு போர் வந்தபோது சொந்தப் படைக்கே அதில் பழக்கம் போதவில்லை. பார்க்கப் பீரங்கி மாதிரி இருக்கிறதே என்று பீரங்கிப் படையிடம் கொடுத்து, தூரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். எதிரியின் க்ருப் பீரங்கிகள் அதைவிடத் தூரம் எட்டின. க்ராவலோத்தில், நெருங்கி வந்த காலாட்படைமேல் சுட்டபோதுதான் அதன் பலம் தெரிந்தது.

ஆயுதமே மட்டம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். தோல்விக்குப் பல காரணம். ஆனால் இந்தத் துப்பாக்கியைக் கெடுத்தது ரகசியம்தான்.

நான் வேலை பார்த்த ஆபீசில் புது சைக்ளோஸ்டைல் மெஷினைக் கெட்டுவிடும் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். அவசரத்துக்குத் திறந்த அன்று ஸ்டென்சில் மாட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு ஒருநாள் தபால் தவறியது. பிரான்சுக்கு அல்சாசும் லொரேனில் ஒரு பகுதியும் போயிற்று.