கறிவேப்பிலைச் செடியின் விருந்தாளி

"அக்கா, கறிவேப்பிலைக் கொழுந்தைப் பூராம் புழு திங்குது. வயலுக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடக்கு, அடிச்சு விட்டுரவா?" என்று கேட்டாள், கொட்டாம்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. "பொறும்மா, அது யாரு வீட்டுப் பிள்ளைன்னு முதல்ல பாரு" என்றேன்.

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுப்புச் சிறகு நிறைய வெளிர் மஞ்சள் திட்டுகள். பின் சிறகின் ஓரத்தில் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்புப் பொட்டு. சிறகை விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும். அரேபியாவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக ஆஸ்திரேலியா வரை இதற்குச் சொந்த ஊர்தான். 2004-ல் கடல் கடந்து டொமினிக்கன் குடியரசிலும் தலைகாட்டி, அங்குள்ள எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களைக் கவலைப்பட வைத்துவிட்டது!

தாய்ப்பூச்சி இளங்கொழுந்தாகப் பார்த்து ஒவ்வொன்றாக முட்டையிடும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் அதற்கு ஒரே குடும்பம். சில நாட்களில் புழு வெளிவரும். சின்னப் புழு பார்ப்பதற்குக் காக்கை எச்சம் போலவே இருக்கும். பறவைகளை ஏமாற்றத்தான் இந்த வேஷம். நான்கு முறை தோலுரித்த பின் பச்சைப் பசேலென்று மாறிவிடும். தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் கிளப்பும். பயப்படாதீர்கள், கொட்டாது, கம்பளிப்பூச்சி போல அரிப்பும் தராது. பிறகு பட்டு நூலால் தன்னைக் குச்சியோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, ஒருநாள் சிறகோடு பறந்துவிடும்.

இப்போது மருந்து விஷயம். கறிவேப்பிலை நாம் தினம் பறித்து ரசத்திலும் துவையலிலும் போடுவது. குழந்தை வாய்க்கும் போவது. செடிக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. பயிருக்கு அடிப்பதை அடுப்படிச் செடிக்கு அடிக்கவே கூடாது.

வளர்ந்த செடி நாலு புழுவுக்கு அசராது, மறுபடி துளிர்த்துவிடும். சின்னக் கன்றானால் தினம் காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் இலையோடு கிள்ளி, பெரிய எலுமிச்சை மரத்திலோ வில்வ மரத்திலோ விட்டுவிடுங்கள். பறித்த இலையை இரண்டு தண்ணீரில் அலசிச் சமையுங்கள்.

ஒரே ஒரு புழுவை மட்டும் செடியிலேயே விட்டு, குழந்தைகளைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு அழகாகக் கிடைக்காது.