விருந்தாளி வந்தால் மீனுக்கு மட்டும் ஏன் வீட்டுக்காவல்?

மும்பை, புனே, டெல்லி, அகமதாபாத்... நம்ம ஆட்கள் குடியிருக்கிற எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்க. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், கையில் வரப்போகிற முதல் தட்டு என்ன என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பனீர் டிக்கா. இரண்டாவது தட்டு சில்லி பனீர். கொஞ்சம் துணிச்சலான வீடு என்றால் கோபி மஞ்சூரியன்.

அதே வீட்டு ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். காலையில் வாங்கிக் கழுவின இறால் டப்பாவுக்குள் டப்பாவாக, பாலிதீன் பைக்குள் பையாக ஒளிந்துகொண்டிருக்கும். "அவங்க எல்லாம் போகட்டும், நாளைக்கு நமக்கு மட்டும் பண்ணிக்கலாம்." திருட்டுச் சாமானா சாமி அது?

வந்தவர்கள் எல்லோரும் காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். விருந்தாளிக்கு ஒவ்வாததை வைப்பது மரியாதை இல்லை. ஆனால் வருகிற எட்டுப் பேரில் ஒரு பெங்காலி, ஒரு கோவாக்காரர், ஒரு மலையாளி, ஒரு மராட்டிக் குடும்பம். இவர்களில் யாருக்கு மீன் ஆகாது? 2014 மாதிரிப் பதிவு ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் கறி மீன் சாப்பிடுகிறவர்கள். தமிழ்நாட்டில் அது 97 விழுக்காட்டுக்கும் மேல். நூற்றுக்கு எழுபது பேர் இருக்கிற நாட்டில், நாம் ஏதோ ரகசியச் சங்கத்து உறுப்பினர் மாதிரி நடந்துகொள்கிறோம்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீடு தேடும்போதே ஆரம்பித்துவிடுகிறது. நான் மும்பைக்கு வந்த புதிதில் புரோக்கர் கேட்ட முதல் கேள்வி சம்பளம் இல்லை, வேலை இல்லை. "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" பதில் சொன்னதும் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வேற ஏரியா பாக்கலாம் சார்" என்றார். உங்களில் பாதிப் பேருக்கு இதே கதை இருக்கும். அப்படிக் கிடைத்த வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு மீன் பொரிக்கப் பழகிவிட்டோம்.

கொடுமை என்னவென்றால் இது மும்பை. மீன் பிடிக்கிற கோளி மக்கள் ஊர். அவர்கள் கும்பிடுகிற மும்பாதேவியின் பேரைத்தான் ஊரே வைத்திருக்கிறது. 1875 இல் திறந்த சசூன் டாக்கில் இன்றைக்கும் விடியற்காலையில் மீன் ஏலம் போகிறது. அந்த ஊரில் மீன் சாப்பிடுகிறவன் வாடகைக்கு வீடு கேட்டு அலைய வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். அகமதாபாத் பார்ஸி வீட்டுவசதிச் சங்கத்து வழக்கில் 2005 இல் உச்ச நீதிமன்றம், ஒரு சங்கம் தன் விதிப்படி ஒரே சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அது சாப்பாடு பற்றிய வழக்கு இல்லை. ஆனால் வாசலை யாருக்குச் சாத்தலாம் என்கிற விஷயத்தில் வெளிச்சண்டை எவ்வளவு நீளம் என்பதற்கு அது ஒரு அளவுகோல். சரி, அதை வக்கீல்களிடம் விடுவோம். நான் கேட்பது சின்னது. வாடகை கொடுத்து, சொந்தக் கூடத்தில், சொந்தக் காசில் விருந்து வைக்கிறோமே, அங்கே யாருக்குப் பயப்படுகிறோம்?

இதை நம்மைவிடக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது நம் பிள்ளைகள். விருந்தாளி வருகிற நாளில் மட்டும் மீன் மறைகிறது என்பதை ஆறு வயசுப் பிள்ளை கவனிக்கும். நண்பர் வீட்டுப் பெண், "அப்பா, டிஃபனில் மீன் வைக்காதீங்க, நாம பனீர் சாப்பிடுறவங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றதாம். பள்ளியில் யாராவது கிண்டல் செய்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது பள்ளியா, வீடா? ஆச்சி சுட்ட மீனையும் ஊர்க் கருவாட்டையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். அதையே நாலு பேர் முன்னால் வைக்கச் சொன்னால் நெளிகிறோம். பிள்ளைகள் பேச்சை விட்டுவிட்டு நெளிவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"வாடை வருமே" என்பது அடுத்த சாக்கு. கடல் மீனிலும் இறாலிலும் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடையே கிடையாது. மீன் செத்தபின் நேரம் ஆக ஆக, பாக்டீரியா அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. நாறுவது அதுதான். ஆகவே புதுசாக வாங்கி, ஐஸில் வைத்து, எலுமிச்சையோ புளியோ பிசறினால் பாதி வேலை முடிந்தது. புளிப்பு அந்த அமைனைக் காற்றில் பறக்காத உப்பாகக் கட்டிப்போட்டுவிடும். மீன் குழம்புக்குப் புளி ஊற்றின நம்ம ஆச்சிகள் கெமிஸ்ட்ரி படிக்கவில்லை, அவ்வளவுதான். மிச்ச வாடை எண்ணெய்ப் புகையிலிருந்தும் குப்பைக்கூடையில் கிடக்கும் தலை, ஓட்டிலிருந்தும் வருகிறது. பொரிக்காமல் ஓவனில் வைத்தால் புகை கிடையாது. ஓட்டைக் கொதிக்கவைத்துக் குழம்புக்குச் சாறு எடுத்துவிட்டு, சக்கையைக் கட்டி ஃப்ரீசரில் போட்டுக் குப்பை வண்டி வரும்போது வெளியே எடுத்தால் பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், இறால் டோஸ்ட்டில் ஆரம்பியுங்கள். முள் கிடையாது. தட்டில் சோறு வேண்டாம். நின்றுகொண்டே, ஒரு கையில் டம்ளரோடு சாப்பிடலாம். செய்வதும் சுலபம்.

ஓட்டோடு அரைக் கிலோ நடுத்தர இறால் வாங்கினால், தலையும் ஓடும் போய்ப் பாதிக்குக் கொஞ்சம் கூடக்குறைய நிற்கும். மும்பையில் கோலம்பி என்று கேளுங்கள். முதுகுக் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டுக் கழுவி, மஞ்சள்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள். பிறகு நன்றாக வடித்து, கொத்திக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டுக் கூழாக்க வேண்டாம், பல்லில் படவேண்டும்.

கடாயில் ஒரு கரண்டி வெண்ணெய், அரை ஸ்பூன் சோம்பு, பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கினதும் இறால். இரண்டே நிமிஷம், நிறம் மாறினதும் இறக்கிவிடுங்கள். அதிகம் வதக்கினால் ரப்பர்தான். ஒரு ஸ்பூன் மிளகுத்தூள் போட்டு ஆறவிட்டு, ஒரு முட்டை அடித்து ஊற்றி, துருவின சீஸ் ஒரு கைப்பிடி, கொத்தமல்லித்தழை சேர்த்துக் கலந்தால் மேல்பூச்சு தயார்.

முந்தின நாள் பிரெட் எட்டுத் துண்டு. வெண்ணெய் தடவி, 180 டிகிரியில் ஐந்து நிமிஷம் முதலில் வெறுமனே வையுங்கள். இதை விட்டால் பிரெட் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். பிறகு கலவையை ஓரம் வரை பரப்பி, 200 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிஷம். மேலே பொன்னிறம் வந்து, முட்டை இறுகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினால் முப்பத்திரண்டு துண்டு, எட்டுப் பேருக்குத் தாராளம். ஓவன் இல்லையா? தோசைக்கல், மூடி, சிறுதீ, ஏழெட்டு நிமிஷம். கலவையைக் காலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். முட்டையை மட்டும் கடைசியில் சேருங்கள்.

இதையே மாலில் வாங்கின பொருளில் செய்கிறேன் என்று கிரீம் சீஸும் மயோனைஸும் கிராப் ஸ்டிக்கும் கொண்டுவந்து கொட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சிவப்புக் கோடு போட்ட கிராப் ஸ்டிக்கில் பெரும்பாலும் நண்டு கிடையாது. வெள்ளை மீன் சதையை அரைத்து, மாவு சேர்த்து, வாசனையும் நிறமும் ஏற்றினது. கோளி அம்மா கூடையில் உயிரோடு நண்டு இருக்க, நண்டு வேஷம் போட்ட மீனை அதிக விலைக்கு வாங்குகிறோம். ஏன்? கூடையில் இருந்தால் கவுச்சி, பாக்கெட்டில் இருந்தால் ஸீ ஃபுட். பேர் மாறினதும் வெட்கம் போய்விடுகிறது பாருங்கள்!

நாட்டுக் கணக்கும் அப்படித்தான். இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியில் முதலிடம் உறைய வைத்த இறாலுக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது ஆந்திர இறால் பண்ணைக்காரர்கள் தவித்துப்போனார்கள். அமெரிக்கக்காரன் விருந்துக்கு நம்ம இறால் போகலாம், நம்ம வீட்டு விருந்துக்கு வரக்கூடாதா?

"மீன் என்றால் குழம்பும் சோறும்தான், பிரெட்டில் தடவுவது அநியாயம்" என்று ஊர்ப்பாசக்காரர் சிலர் வருவார்கள். அண்ணாச்சி, நானும் தூத்துக்குடிக்காரன்தான். குழம்பின் அருமை தெரியும். ஆனால் அறிமுகமே இல்லாத பஞ்சாபிக்காரர் மடியில் முதல் நாளே குழம்பை ஊற்ற முடியாது. டோஸ்ட்டில் நம் சோம்பும் கறிவேப்பிலையும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாம் முறை வரும்போது அவரே குழம்பு கேட்பார்.

சைவ நண்பர்களுக்குத் தனி டிரே, தனிக் கத்தி, தனித் தட்டு. முதலில் அவர்களுடையதைச் சுட்டுவிட்டு, பிறகு இறால். எது எது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதுதான் மரியாதை. எல்லோருக்கும் பனீரை நீட்டுவது மரியாதை இல்லை, மறைப்பு. தன் சாப்பாட்டைப் பற்றி நேராகப் பேசுகிறவனை விருந்தாளி மதிப்பான். பிள்ளைகளும்தான்.

டிஸ்கி: இறால் சிலருக்கு ஒவ்வாது, உடம்பெல்லாம் தடித்துவிடும், மூச்சுக்கூடத் திணறும். பரிமாறும் முன் கட்டாயம் கேளுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாசம் பண்ணை இறால் வாங்குங்கள், இல்லாவிட்டால் காய்ந்த கூனி இறாலை வெறும் சட்டியில் வறுத்து இதே கலவையில் போடுங்கள். கருவாட்டு வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இருக்கட்டுமே!