செஸ்ஸிலும் நோட்ஸ் மனப்பாடமா?

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி நோட்ஸை உருப்போடுகிற கூட்டம் செஸ்ஸிலும் கிளை திறந்தாகிவிட்டது. அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆடப்போகும் ஓப்பனிங்கை ஏற்றிவிட்டால், தினமும் ஒரு நிலையைக் காட்டி "அடுத்த மூவ் என்ன?" என்று கேட்கும். சரியாகச் சொன்னால் அதே கேள்வி சில நாள் கழித்து, பிறகு சில வாரம் கழித்து வரும். தப்பாகச் சொன்னால் உடனே திரும்பி வந்து நிற்கும். 1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் மறதியை அளந்து எழுதியதிலிருந்து கிளம்பிய யோசனை. வேலை செய்யுமா என்றால், செய்யும். அதுதான் பிரச்சனையே. மூவ் மனசில் ஏறிவிட்டால் செஸ் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

1400 ரேட்டிங் ஆசாமி ஒருவர் சிசிலியன் நாய்டோர்ஃபில் இருபது மூவ் வரை உருப்போட்டுவிட்டு வருகிறார். எதிரே உட்கார்ந்த பொடியன் அதையெல்லாம் படித்ததில்லை. இரண்டாவது மூவிலேயே பிஷப்பை சி4-ல் வைக்கிறான். முடிந்தது கதை! அமைதியாக இ6 தள்ளி, அடுத்து டி5 என்று அந்த பிஷப்பை விரட்டலாம் என்பது யோசித்தாலே வரும். ஆனால் யோசிக்கத்தான் அவர் பயிற்சி எடுக்கவில்லையே. இரண்டு பக்கமும் இரண்டு மூவ் ஆடி முடிக்க விதிப்படி 1,97,281 வழிகள் உண்டு. பெரும்பாலும் குப்பைதான், ஒப்புக்கொள்ளலாம். அந்த ரேட்டிங்கில் எதிரே வருவதும் அதுதானே :-)

"பெரிய ஆட்டக்காரர்களே செய்கிறார்களே" என்பார்கள். செய்கிறார்கள். 2004-ல் பிரிசாகோவில் உலகப் பட்டத்துக்கான போட்டி. எட்டாவது கேமில் க்ராம்னிக், மார்ஷல் அட்டாக்குக்கு எதிராகக் கணினியில் தயாரித்த வழியிலேயே போனார். அந்த வழியில் இருந்த ஓட்டையை லேகோ போர்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்து ஜெயித்தார். (பட்டத்தை க்ராம்னிக் தக்கவைத்துக்கொண்டது வேறு கதை.) இதே அட்டாக்கை 1918-ல் நியூயார்க்கில் மார்ஷல் வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்தார். எதிரே இருந்த கேபபிளாங்கா அங்கேயே யோசித்துத் தப்பித்தார், ஜெயிக்கவும் செய்தார். 86 வருட இடைவெளியில் இரண்டு முறையும் தோற்றது தயாரித்து வந்தவர்.

நம்மூர் குகேஷையே எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் 2500-ஐத் தாண்டும்வரை எஞ்சின் பக்கமே விடவில்லை. 2019-ல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். 1400-ல் இருப்பவருக்கு மட்டும் எஞ்சின் சொன்ன இருபதாவது மூவ் எதற்கு?

குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்சில் வெள்ளை தன் பி சிப்பாயை பி5 வரை தள்ளும். கறுப்பின் சி6-ல் ஒரு பலவீனத்தை உண்டாக்கி, கடைசிவரை அதைக் குடைவதற்காக. இந்தக் காரணம் புரிந்தவனுக்கு வரிசை மாறினாலும் கவலையில்லை. "பதினாலாவது மூவ் பி4" என்று மட்டும் தெரிந்தவன், எதிராளி ஒரு சிப்பாயை முன்கூட்டியே நகர்த்திவிட்டால் முழிக்கிறான்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் மனப்பாட லைன் ஒரு தேய்மானச் சொத்து. ரிவிஷனை ஒரு மாசம் நிறுத்தினால் எழுதித் தள்ள வேண்டியதுதான். லைன் கூடக்கூட தினசரி பாக்கியும் கூடும். கடைசியில் ஆடுவதற்கு நேரம் இருக்காது.

மென்பொருளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தோற்ற கடைசி இருபது ஆட்டத்தை எடுத்து, ஓப்பனிங்கில் எந்த மூவில் முழி பிதுங்கியது, ஏன் என்று முதலில் போர்டில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு அந்த மூவை மட்டும் ஏற்றிக்கொள்ளட்டும்.