பிழையான விடையும் பாடம் சொல்லும்

மாணவ நண்பர்களே! செய்முறைத் தேர்வில் விடை சரியாக வராவிட்டால், பக்கத்து மாணவனின் எண்ணைப் பார்த்து எழுதிவிடுகிறீர்கள் அல்லவா? அதனால் நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்பதற்கு ஸ்வீடன் அறிஞர் டாமஸ் லிண்டாலின் வாழ்க்கையே சான்று.

1960களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைச் சூடாக்கி ஆராய்ந்தார். அவை சிதைந்து சோதனையைக் கெடுத்தன. அவர் சலித்துக்கொள்ளவில்லை. 'அப்படியானால் டி.என்.ஏ. மட்டும் சிதையாதிருக்குமா?' என்று கேட்டார். டி.என்.ஏ. மிக உறுதியானது என்று எல்லோரும் நம்பிய காலம் அது!

நாடு திரும்பி அளந்து பார்த்தார். மனித உயிரணு ஒன்றில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சேதங்கள் நேரும் எனத் தெரிந்தது. ஆயினும் நாம் வாழ்கிறோம். ஆகவே பழுது பார்க்கும் ஏற்பாடு உள்ளேயே இருந்தாக வேண்டும் அல்லவா? தேடினார். டி.என்.ஏ.வில் உள்ள சைட்டோசின் கெட்டு யுராசிலாக மாறினால், அதை அகற்றும் நொதியை 1974இல் பாக்டீரியாவில் கண்டார். 2015இல் பால் மாட்ரிச், அஸிஸ் சன்கார் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, பொருந்தாத எண்ணை அழிக்காதீர்கள். ஏன் வந்தது என்று கேளுங்கள். அதை நேர்மையாக எழுதுபவருக்கு மதிப்பெண் தர, ஆசிரியர்களாகிய நாங்களும் பழகவேண்டும்.